ஒளித்து வைத்துப் படிக்க நாங்கள் என்ன திருடினோமா?

நேற்று மதியம் மூன்று மணி. வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது. ஹால் தரையை ஈரத்துணியால் துடைத்துப் பாயை விரித்து, நானும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த என் மகளும் ஆளுக்கொரு காதல் நாவலோடு படுத்திருந்தோம். நடுவில் ஒரு கிண்ணம் நுங்கு. வாசலில் அண்ணனின் பைக் சத்தம் கேட்டது. உடனே இவள் கையிலிருந்த புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, அன்றைய செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டாள். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

எனக்கு வயிறு எரிந்துவிட்டது. அப்படி என்ன படித்துவிட்டாள்? ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் ஒருத்தியும் ஒருவனும் நூற்றெண்பது பக்கத்துக்குள் சமாதானமாகிக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

காரணம் எனக்குத் தெரியும். போன வாரம் அண்ணன் வந்தபோது டீப்பாய் மேல் கிடந்த என் புத்தகத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். "ஒரு டீச்சரா இருந்துக்கிட்டு இந்தக் குப்பையையா படிக்கிற? பிள்ளையையும் சேர்த்துல்ல கெடுக்கிற" என்றார். அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

ஆமாம், நான் டீச்சர்தான். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் மையத்தில் உட்கார்ந்து எழுந்தவளுக்குத்தான் மே மாதத்தின் அருமை தெரியும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. பக்கம் பக்கமாக மதிப்பெண்ணைக் கூட்டி, மறுபடி கூட்டி, முகப்பில் ஏற்ற வேண்டும். ஒரு மதிப்பெண் விடுபட்டால் ஒரு பிள்ளையின் வருஷமே போய்விடும் என்ற பயத்தோடு செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடினாலும் சிவப்பு மைதான் தெரியும். அப்படிப்பட்ட தலைக்குள் எதைப் போட வேண்டும் என்று எனக்கே தெரியாதா? கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தெரிந்தே ஒரு கதைக்குள் போவது அப்போது எனக்கு மருந்து.

இதே அண்ணன் ஐபிஎல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஆட்டம் விடுவதில்லை. சாயங்காலம் ஏழரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை எழுந்திருக்க மாட்டார். சாப்பாடு டிவி முன்னால்தான் போக வேண்டும். நன்றாகப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "இதனால என்ன பிரயோஜனம், அறிவு வளருமா?" என்று இன்றுவரை அவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆண் பார்த்தால் பொழுதுபோக்கு, பெண் படித்தால் குப்பை. இந்தக் கணக்கு யார் போட்டது?

இன்னொன்றும் உண்டு. டிவியில் 'காதலிக்க நேரமில்லை' எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் உட்காருபவர் அவர்தான். நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா நாற்காலியில் பயந்து ஒடுங்குவாரே, அந்த இடத்தில் இன்றைக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "அந்தக் காலத்துல என்னமா எடுத்தான்!" என்பார். அது 1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம். கதை என்ன? எஸ்டேட் முதலாளியின் பெண்ணை வேலையை இழந்த ஒருவன் காதலிக்கிறான், நண்பனைப் பணக்கார அப்பாவாக வேஷம் போட வைத்துச் சம்மதம் வாங்கப் பார்க்கிறான். அதுவும் காதலும் சிரிப்பும் சேர்ந்த கதைதானே அண்ணா? திரையில் பார்த்தால் கிளாசிக், நான் அச்சில் படித்தால் குப்பையா?

இந்த அவமானம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. எழுபதுகளில் என் அம்மா 'ராணிமுத்து' மாத நாவலைப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாளாம். தாத்தா கண்ணில் பட்டால் அடுப்புக்குள் போய்விடும். அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. செய்தித்தாள் அட்டை மஞ்சளாகிப் பொடிகிறது. உள்ளே ஓர் ஓரத்தில், குழம்புக் கறைக்குப் பக்கத்தில், 'மீதி ராத்திரி' என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். பகலெல்லாம் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்டவள், எல்லோரும் தூங்கிய பிறகு தனக்காக எடுத்துக்கொண்ட அரைமணி நேரம் அது. எனக்கு அந்த இரண்டு சொல் மனப்பாடம்.

'பொம்பளைங்க படிக்கிற கதை' என்று உதட்டைச் சுழிப்பவர்களுக்குச் சொல்கிறேன். வை.மு.கோதைநாயகி இதே நாட்டில்தான் நூறுக்கும் மேல் நாவல் எழுதினார், 'ஜகன்மோகினி' பத்திரிகை நடத்தினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். குடும்பக் கதை எழுதுகிறவர் என்று ஒரே வரியில் ஒதுக்கப்பட்ட லக்ஷ்மி ஒரு டாக்டர். 1984-இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது வாங்கினால்தான் மதிப்பு என்று சொல்ல வரவில்லை. விருதே இல்லாவிட்டாலும் ரமணிசந்திரனின் காதல் நாவல் வாடகை நூலகத்தில் ஓரம் கறுத்து, முதுகு பிரிந்து, நாலாவது முறையாக பைண்டிங் போட்டு நிற்கிறது. அத்தனை கை பட்டிருக்கிறது. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரிகள் எல்லோரும் புத்தியில்லாதவர்களா?

எங்கள் பள்ளியிலும் ஒருவர் இருக்கிறார். "லீவுல உருப்படியா ஏதாவது படிங்க டீச்சர்" என்று கனமான புத்தகங்களாகப் பார்த்து பட்டியல் போடுவார். படித்திருக்கிறேன் சார், நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் படித்திருக்கிறேன். ஜூனில் மறுபடி படிப்பேன். அதற்காக மே மாதம் நான் எதைப் படித்துச் சிரிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை.

அப்புறம், கெட்டுப்போவதைப் பற்றி அண்ணன் சொன்னாரே. என் மகள் பரீட்சை முடிந்த நாளிலிருந்து ஏழு நாவல் முடித்துவிட்டாள். போனைக் கீழே வை என்று நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கதாநாயகன் கையை ஓங்குகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இவனைப் போய் இவ ஏம்மா மன்னிக்கணும்?" என்று என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். இதுவா கெட்டுப்போவது?

நேற்று அண்ணன் கிளம்பும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. தலையணையைத் தூக்கிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னாலேயே அவள் கையில் கொடுத்தேன். "படிடி, எந்தப் பக்கத்துல விட்ட?" என்றேன். அண்ணன் மோரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவள் தொண்ணூற்றி இரண்டாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.