வண்டிக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்

மட்டக்களப்புக் கல்லடியில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, உடற்பயிற்சிச் செயலி ஒன்றின் ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்கிக் கொண்டிருக்கிறேன். 'சின்ன வேலைதான்' என்று சொல்லித் தந்தார்கள். சின்னதாம்!

முதலில் வந்தது 'லவ் ஹாண்டில்ஸ்', இடுப்பின் இரு பக்கமும் பிதுங்குகிற சதை. பிரெஞ்சில் 'புவாஞே தமூர்'. சொல்லுக்குச் சொல் அதே காதல் கைப்பிடி. சரி, இப்படியே போய்விடும் என்று நம்பினேன். அடுத்தது 'சிக்ஸ் பேக்'. ஆங்கிலக்காரனுக்கு வயிற்றில் தெரிவது ஆறு பியர் கான்; பிரெஞ்சுக்காரனுக்கோ சொக்லேட் கட்டி. கண்ணோரச் சுருக்கம் ஆங்கிலத்தில் காகக் கால், பிரெஞ்சில் வாத்துக் கால். வண்டி, அதுதான் தொப்பை, வைத்தால் 'பிரியோஷ்', அதாவது வெண்ணெயும் முட்டையும் போட்ட பாண். (நம்மூர் வண்டிக்கும் பாணுக்கும் சம்பந்தமே இல்லை, அது சோறும் எருமைத் தயிரும் வளர்த்தது.)

என்னைச் சாகடித்தது 'மஃபின் டாப்'தான். இறுக்கின காற்சட்டைக்கு மேலே வழிகிற சதை. மஃபினை அப்படியே போட்டால் கேக் மட்டும்தான் மிஞ்சும். 'புர்லே' என்று எழுதினேன், சதை மடிப்பு. சொல் சரி, பகிடி செத்துப்போச்சு. 'இன்னும் கொஞ்சம் பகிடியாக வேண்டும்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மச்சாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், காலையில இருந்து ஆர்ர இடுப்பப் பாத்துக்கிட்டு இருக்கிறீங்க?" என்கிறாள். காசுக்குப் பார்க்கிறேன் என்று சொன்னால் இன்னும் மோசம்.