நெவெனா என்றால் பனி அல்ல
'நெவெனா' என்ற பெண் பெயர் லத்தீன், 'பனி' என்று பொருள் என ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு, ஒலி ஒற்றுமை மட்டும்தான். செர்பியாவிலும் பல்கேரியாவிலும் வழங்கும் இந்தப் பெயர் 'நெவென்' என்ற பூவிலிருந்து வந்தது. 'நெ' என்பது எதிர்மறை; செர்பிய மொழியில் 'வெனுதி' என்றால் வாடுதல். ஆக, வாடாத பூ. எவ்வளவு அழகான ஸ்லாவியப் பெயர், அதை ஏன் லத்தீனுக்குக் கொடுக்க வேண்டும்? ஆண்களுக்கு நெவென் என்றே வைக்கிறார்கள்.

அப்புறம், இந்த நெவென் பூ நம்மூர் செண்டுமல்லியும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டையுமே மேரிகோல்டு என்பதால் வரும் குழப்பம் அது. செண்டுமல்லி மெக்சிகோ பக்கத்துச் செடி, 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே போனது. நெவென் என்பது காலண்டுலா. தோலுக்குப் போடும் களிம்புகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.