உறை மட்டும் போதாது
1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போருக்கு அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் போன ஹாரியர் போர் விமானங்களுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டியதோடு கடல் உப்பு அரிக்கும் பிரச்சினை தீர்ந்தது என்று அந்தக் கப்பலைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உறையும், தளத்தின் இருபக்கமும் சுவர் மாதிரி அடுக்கிய கன்டெய்னர்களும் அலைத் தெறிப்பைத் தடுக்கும், சரி, ஆனால் உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் எங்கே போகும்? நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அசென்ஷன் தீவின் வெக்கையில் மூடியது தென் அட்லாண்டிக் குளிருக்குப் போனால் உட்பக்கம் வேர்க்கத்தான் செய்யும். நான் பத்து வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், தார்ப்பாயில் இறுக்கமாகப் பொதிந்த இயந்திரங்கள் ஒரு சொட்டுக் கடல்நீர் படாமலே துருப்பிடித்து இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும், எஃகு போல்ட் அலுமினியத் தகட்டைத் தொடும் இடங்களில் காப்புப் பூச்சு வேண்டும், ஏனென்றால் அங்கே உப்பு ஈரம் சேர்ந்தால் முதலில் அரிபடுவது அலுமினியம்தான், இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவவும் வேண்டும். அப்புறம், எல்லா விமானமும் உறைக்குள்தான் இருந்தன என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்கிறார், அப்படியில்லை, ஒரு சீ ஹாரியர் (கடற்படையின் ஹாரியர் வகை) எரிபொருளும் ஆயுதமும் ஏற்றி உடனே கிளம்பத் தயாராக மேல்தளத்தில் நின்றது.