சில்வரை ஏன் நல்லவனாக்குகிறார்கள்?

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1883-ல் புத்தகமாக வந்தது. சினிமாக்காரர்கள் அதை விடாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கப்பல், வரைபடம், கிளி எல்லாம் சரியாகத்தான் இருக்கும். புதையல் தேடிப் போகும் கப்பலின் ஒற்றைக்கால் சமையல்காரன் லாங் ஜான் சில்வரிடம் வரும்போதுதான் பல பேருக்குக் கை நடுங்கிவிடுகிறது.

நாவலின் சில்வர் இனிமையாகப் பேசுகிறவன். கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம்முக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அப்புறம் ஒரு ராத்திரி ஆப்பிள் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருக்கும் ஜிம் காதில், கப்பலைக் கைப்பற்றும் சில்வரின் சதித்திட்டம் விழுகிறது. சதியைவிட இன்னொன்றுதான் முதலில் அவனைச் சுடுகிறது: தன்னைப் பாராட்டிய அதே வார்த்தைகளை வைத்து சில்வர் வேறொரு இளம் மாலுமியை மயக்கிக்கொண்டிருக்கிறான்! தீவில் இறங்கியதும், தன் பக்கம் வர மறுத்த டாம் என்ற மாலுமியின் முதுகில் ஊன்றுகோலை வீசி வீழ்த்தி, இரண்டு முறை குத்துகிறான். ஒளிந்திருந்து பார்க்கும் ஜிம்முக்குத் தலை சுற்றுகிறது. தெளிந்து பார்த்தால் சில்வர் புல்லில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பிடித்த ஆளே கொலைகாரன் என்று ஒரு பையன் புரிந்துகொள்வதுதான் எனக்கு இந்தக் கதை. புதையல் எல்லாம் அடுத்தபடிதான்.

இனி முடிவுக்கு வருவோம். நாவலில் சில்வர் யாரிடமும் விடைபெறுவதில்லை. திரும்பும் வழியில் ஒரு துறைமுகத்தில் ஜிம் கரைக்குப் போயிருக்கும் நேரம், காசு மூட்டை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறான். இவ்வளவு மலிவாகத் தொலைந்தானே என்று எல்லோருக்கும் நிம்மதி.

படங்களில் இது பாசப்பிரிவாகிவிடுகிறது. 1934-ல் வாலஸ் பீரி நடித்த படத்தில் ஜிம்மே அவனைத் தப்பவிடுகிறான். 1950-ல் வந்த டிஸ்னி படத்தில் சில்வர் துப்பாக்கியை நீட்டுவான், பையனைச் சுட மனசு வராது. கடைசியில் ஜிம்மே படகைத் தள்ளிக்கொடுப்பான். ராபர்ட் நியூட்டன் அதில் சில்வராகப் பிய்த்து உதறியிருக்கிறார், மறுக்கவில்லை. இன்றைக்கும் கடற்கொள்ளையன் என்றால் எல்லோரும் "ஆர்ர்ர்" என்று இழுப்பதே அவர் பேச்சைப் பார்த்துத்தான். அந்தப் படத்தையே 1975-ல் மறுபடி வெளியிட்டபோது சிறுவர்களுக்கு ஆகாது என்று வன்முறைக் காட்சிகளை வெட்டினார்கள்.

2002-ல் டிஸ்னி கதையை விண்வெளிக்கே கொண்டுபோனது. நாவலில் ஜிம்மின் அப்பா நோயில் இறந்துபோவார். அனிமேஷன் படத்தில் அவர் குடும்பத்தை விட்டு ஓடிப்போகிறார், காலியான அந்த இடத்தை சில்வர் நிரப்புகிறான். படம் அழகுதான், ஒரு தரம் கண் கலங்கவும் செய்தேன். ஆனால் சில்வரை வளர்ப்பு அப்பாவாக்கிய பிறகு அவனைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? குழந்தைகளால் இருட்டைத் தாங்க முடியாது என்ற எண்ணம் பெரியவர்களுடையது. ஸ்டீவன்சனே தன் மனைவியின் மகனான ஒரு சிறுவனோடு வரைபடம் வரைந்து விளையாடியபோதுதான் இந்தக் கதையை ஆரம்பித்தார். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் கத்தியையும் வைத்தார்.

என் ஓட்டு 1990-ல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த தொலைக்காட்சிப் படத்துக்கு. அந்த சில்வர் சிரித்தாலும் நம்பத் தோன்றாது. பியூ என்ற குருட்டுக் கொள்ளையனாக கிறிஸ்டோபர் லீ வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். பதின்வயது கிறிஸ்டியன் பேல்தான் ஜிம். கொஞ்சிக்கொண்டு நிற்கிற வேலையே இல்லை.

வீட்டில் ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 1996-ல் வந்த மப்பெட் பொம்மைப் படத்தைப் போடுங்கள். டிம் கர்ரிதான் சில்வர், பாட்டெல்லாம் பாடுவார். அதிலும் ஜிம் அவனைப் போகவிட்டுவிடுவான் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படகு மூழ்கிவிடும்.