கேட்பதும் ஒரு வேலைதான்

எங்கள் அடுக்ககத்தில் மேல் மாடியில் இருக்கும் நண்பர் போன மாதம் ஒரு நாள் இரவு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் பிளஸ் டூ. சில மாதங்களாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ராத்திரி தூங்குவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மனநலக் கவுன்சிலரிடம் பத்துத் தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பத்துத் தடவையும் தன்னம்பிக்கைப் பேச்சுதான். ‘என்னால் முடியும்’ என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டச் சொன்னார்களாம். அவர் என்ன படித்தவர் என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஆறு வாரம், சனி ஞாயிறு மட்டும் நடந்த ஒரு வகுப்பின் சான்றிதழ் அது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. என் மகள் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அவள் என்னவெல்லாம் செய்தாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. நுழைவுத் தேர்வு எழுதி, கொஞ்சமே கொஞ்சம் இருக்கும் இடங்களில் ஒன்றைப் பிடித்து, மருத்துவமனையிலேயே இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில். முடிக்க வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்க வேண்டும், முடித்தபின் அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஆர்.சி.ஐ. எண் என்று சொல்வது இதைத்தான். அவள் மனநல மருத்துவர் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. படித்தவர்கள் அவர்கள், மாத்திரை எழுதுவது அவர்கள் வேலை. சோதனைகள் வைத்துக் கணிப்பதும், பேச்சின் வழியாகச் சிகிச்சை கொடுப்பதும் இவள் வேலை. “அப்ப மருந்து தரமாட்டாளா? சும்மா பேசத்தானா?” என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள்.

அந்தச் ‘சும்மா’வைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் வருடம் வீட்டில் சோதனைகளைப் பழக ஆள் வேண்டும் என்று என்னை உட்கார வைப்பாள். எண்களைச் சொல்லிக்கொண்டே போவாள், நான் பின்னாலிருந்து முன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். வங்கியில் முப்பத்து நான்கு வருடம் எண்ணோடு வாழ்ந்தவன், எனக்கு அது சிரமமில்லை. சிரமமெல்லாம் அவளுக்குத்தான். நொடிக்கு ஓர் எண், ஒரே குரல், ஒரே வேகம். நான் சரியாகச் சொன்னாலும் முகத்தில் மாற்றம் தெரியக்கூடாது. ஒருநாள் என் பதிலுக்கு லேசாகத் தலையாட்டிவிட்டாள். உடனே நிறுத்திவிட்டு, “இது செல்லாதுப்பா” என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். இவ்வளவு கறார் எதற்கு என்று அப்போது புரியவில்லை.

பிறகுதான் புரிந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுமென்றால் இப்படிப்பட்ட அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண்ணும் ஓர் அடிப்படை. சில எண்கள் கூடினாலோ குறைந்தாலோ ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்பது மாறிவிடும். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைப்பதற்கு முன்னால் இப்படி ஒரு மதிப்பீடு இருக்கிறது. சோதனை மட்டும் போதாது. சட்டைப் பொத்தானைத் தானே போடுவானா, தனியாக ரோட்டைக் கடப்பானா, கடையில் மீதிச் சில்லறையை வாங்கிவருவானா என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். விடியற்காலையில் பஸ் ஏறி வெறும் வயிற்றோடு வந்த குழந்தையா, இல்லை உண்மையிலேயே தெரியாத குழந்தையா என்று பார்க்க வேண்டும். அதையெல்லாம் யோசித்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ரிப்போர்ட் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். பெயர் தெரியும் பக்கத்தை நான் காபி கொண்டுபோனால் கூட மூடிவிடுவாள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமைகளில் ரகசியமும் ஒன்று. இன்றுவரை ஒரு நோயாளியைப் பற்றிக்கூட அவள் வீட்டில் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று கேட்டாள். “அப்பா, ஆத்தாவுக்கு மனசு சரியில்லைன்னா எப்படிச் சொல்லுவாங்க?” என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறாள். யோசித்து யோசித்துச் சொன்னேன். நெஞ்ச அடைக்குது. வயித்தப் பெசையுது. மனசு கெடந்து அடிச்சுக்குது. ஒண்ணுலயும் பிடிப்பில்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பாடம் முழுக்க ஆங்கிலம். வார்டில் எதிரே உட்காருகிறவர் பேசுவது தமிழ், அதிலும் வடசென்னைத் தமிழ் வேறு, கோலியனூர்த் தமிழ் வேறு. படபடப்பு, தலைபாரம், உடம்பு அசதி என்று ஒவ்வோர் ஓ.பி.யாக அலைந்து கடைசியில் இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. அந்த அசதிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காது வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்து, எழுதிய கேஸ் ஹிஸ்டரியைத் திரும்பத் திரும்பத் திருத்தி, “இதை ஏன் கேட்கவில்லை?” என்று உலுக்கி எடுத்துத்தான் அந்தக் காது வருகிறது. ஆறு வார இறுதிகளில் வராது.

என் ஆதங்கத்தின் பெரும் பங்கு இங்கேதான். அவள் பயிற்சி எடுத்த இடத்தில் உதவித்தொகை கிடையாது. இரண்டு வருடமும் நாங்கள்தான் லட்சக் கணக்கில் கட்டினோம். சில அரசு நிறுவனங்களில் தருகிறார்கள், ஆனால் அந்த இடங்களுக்குப் போட்டி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அதே மருத்துவமனையில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களுக்கு மாதாமாதம் பணம் வரும். வரட்டும், அவர்கள் உழைப்புக்கு அது நியாயம். இவர்களும் காலையிலிருந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள், இவர்கள் எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இவர்களது மட்டும் ஏன் உழைப்புக் கணக்கில் வரவில்லை?

என் மகளோடு எம்.எஸ்சி. படித்த ஒரு பெண் திருவண்ணாமலைப் பக்கம், விவசாயக் குடும்பம். வகுப்பில் முதலாவதாக வந்தவள். கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டாள். இப்போது ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். என் மகள் என்னிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்ட வார்த்தைகளை அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்த வேலைக்கு வந்தால், யார் பேச்சு இவர்களுக்குப் புரியும், யார் பேச்சு புரியாமல் போகும்? 2015-16இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. தமிழ்நாடும் அந்த ஆய்வில் உண்டு. ஆட்கள் போதவில்லை என்று தெரிந்துகொண்டே வருகிறவர்களை வாசலில் திருப்பி அனுப்புகிறோம்.

இப்போது எம்.ஃபில். படிப்பே போகிறது. புதிய கல்விக் கொள்கைப்படி நிறுத்தினார்கள், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை யு.ஜி.சி. அவகாசம் கொடுத்தது. வேறு பெயரில் வேறு படிப்புகள் வருகின்றன. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஒருவர் மேற்பார்வையில் வார்டில் கழிக்கும் அந்த மணி நேரங்களில் கை வைத்துவிடாதீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992 ஆர்.சி.ஐ. சட்டப்படி பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! சென்னையில் பல இடங்களில் ஒரு செஷனுக்கே அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். இந்தத் தொகையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

எம்.ஃபில். இல்லாதவர் யாரும் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தன்னார்வலர்கள்தான் போனை எடுக்கிறார்கள், எத்தனையோ உயிர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் தங்களைச் சிகிச்சை தருபவர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. தன் எல்லை தெரிந்தவர் கொடுக்கும் ஆறுதல் வேறு, எல்லை தெரியாதவர் வாங்கும் கட்டணம் வேறு.

நான் அயனாவரத்தில் வளர்ந்தவன். 1871லிருந்து அதே இடத்தில் இருக்கும் மனநல மருத்துவமனையின் மதில் சுவரை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போவோம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே போவோம். உள்ளே யாராவது உட்கார்ந்து பொறுமையாக ஒருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, நண்பர் மகன் விஷயத்துக்கு வருகிறேன். என் மகளே பார்க்கட்டும் என்றுதான் நண்பர் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். லிஃப்டில் தினமும் பார்க்கும் பையனுக்குச் சிகிச்சை தரக்கூடாது, நாளைக்கு அவன் எதையும் மனம்விட்டுச் சொல்ல முடியாது என்றாள். நண்பருக்கு வருத்தம்தான். அவள் கொடுத்த இரண்டு பெயர்களில் ஒருவருக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கி ஆர்.சி.ஐ. எண்ணைக் கேட்டிருக்கிறார். உடனே சொன்னார்களாம். முதல் நாள் பையன் வாயே திறக்கவில்லை. அந்த உளவியலாளரும் வற்புறுத்தவில்லை. தூக்கம் இவ்வளவு கெட்டிருப்பதால் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை மறுபடி போகிறார்கள்.