4294967297 பகா எண் இல்லீங்க

மேல ஒருத்தர் "4294967297 பகா எண், ஃபெர்மாவே நிரூபிச்சிட்டாரு"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு லைக் வேற. ஃபெர்மாங்கிற அந்தக் கணித மேதை நிரூபிக்கவே இல்ல, அப்படி இருக்கும்னு நம்பினாரு, அவ்ளோதான். இது 2ஓட 32ஆம் அடுக்கு கூட 1, இதே மாதிரி 2ஓட 1, 2, 4, 8, 16ஆம் அடுக்கு கூட 1 சேத்தா வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சும் நிஜமாவே பகா எண், அதான் வழுக்கிடுச்சு. 1732ல ஆய்லர்ங்கிற கணித மேதை உடைச்சிட்டாரு: 641 × 6700417, போன் கால்குலேட்டர்லயே பெருக்கிப் பாருங்க.

இன்னொருத்தர் "3, 7, 11 எதாலயும் வகுபடல, அப்ப பகா எண்தான்"ங்கிறாரு. அட, அது போதாதுங்க, வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 65536 வரைக்கும் இருக்கிற பகா எண் எல்லாத்தையும் பாக்கணும். நல்லவேளை, இதோட வகுத்தி எதுவா இருந்தாலும் 64ஆல வகுத்தா மீதி 1 தான் வரும், அதனால அப்படி வர்ற பகா எண்கள மட்டும் 193, 257, 449, 577னு பாத்துட்டே போனா அஞ்சாவதா 641லயே மாட்டிக்கும்.

வகுக்காமலே காட்டலாம், 641ங்கிறது 5×128+1, அதே 641 தான் 625+16ம். மொதல்ல இருக்கிறத வச்சு 641ஆல வகுக்கும்போது 5×128க்கு மீதி -1 (அதாவது 641க்கு ஒண்ணு கம்மி), நாலாம் அடுக்கு எடுத்தா 625 × 2ஓட 28ஆம் அடுக்குக்கு மீதி 1, 625+16 = 641ங்கிறதால அந்த 625க்கு பதிலா -16 போடுங்க, 2ஓட 32ஆம் அடுக்குக்கு மீதி -1னு வந்துடும், கூட 1 சேத்தா பூஜ்யம். 6700417ஐ மேற்கொண்டு உடைக்க முடியாது, அது பகா எண்.