வலிக்கிறது, அதனால் கேட்டேன்

முந்தாநாள் அந்த வாட்ஸப் குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எங்கெங்கோ சுற்றி, நேற்று இரவு எனக்கே வந்து சேர்ந்தது, "இது நீங்களா?" என்ற கேள்வியோடு. ஆமாம், நான்தான். முன்பக்கம் ஹூக் வைத்த, வயர் இல்லாத, கனத்தைத் தாங்குகிற பிரா யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டீர்களே. "அம்பதத் தொடப் போற, இனிமே யாருக்குத் தூக்கிக் காட்டணும்?" அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேரும் பெண்கள், அதில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

எனக்கு வலிக்கிறது, அதனால் கேட்டேன். இந்தப் பதிவில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

இடது தோள்பட்டை இறுகிப்போய் ஏழு மாதமாகிறது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வருவது, அதிலும் பெண்களுக்குத்தான் அதிகம். கை முதுகுப் பக்கம் போகவே போகாது. போகாத கையை வைத்துக்கொண்டு பின்பக்க ஹூக்கை எப்படி மாட்டுவது? ஹூக்கை முன்னால் வைத்து மாட்டி, அப்படியே இடுப்பைச் சுற்றிப் பின்னால் தள்ளி, அப்புறம் ஸ்ட்ராப்பை ஒவ்வொரு கையாக ஏற்ற வேண்டும். குளித்த ஈரம் காயாத உடம்பில் எலாஸ்டிக் நகராது, தோலோடு சேர்ந்து சுருண்டு நிற்கும். இழுத்தால், மார்புக்கு அடியில் வியர்வை தங்கித் தங்கிச் சிவந்து வெந்திருக்கிற இடத்தில் போய் உரசும். அந்த நேரம் பார்த்துத்தான் மாதவிடாய் நிற்கிற வயதில் வரும் அந்தச் சூடு உடம்புக்குள்ளிருந்து குப்பென்று ஏறும், கழுத்து முதுகெல்லாம் வேர்க்கும், திரும்பத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன மாதம் ஒருநாள் முடியாமல் மகளைக் கூப்பிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஹூக்கை மாட்டிவிட்டு ஸ்ட்ராப்பைச் சரி செய்யும்போது, "அம்மா, இங்க பள்ளமா இருக்கு" என்றாள். வருஷக்கணக்கில் ஸ்ட்ராப் அழுத்தி விழுந்த பள்ளம். அவள் விரல் அதில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

யாருக்குத் தூக்கிக் காட்டணும் என்று கேட்டவருக்கு அந்தப் பள்ளத்தைக் காட்டலாம்.

கொஞ்சம் உடம்பைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் இந்தக் கேலி எல்லாமே உடம்பைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதிலிருந்து வருகிறது. மார்பகத்துக்குள் எலும்பும் இல்லை, அதைத் தூக்கி நிறுத்தும் தசையும் இல்லை. சுரப்பி, கொழுப்பு, அவ்வளவுதான். தோலும் உள்ளே ஓடும் மெல்லிய நார்களும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நார்களை 1840இலேயே ஆஸ்ட்லி கூப்பர் என்ற மருத்துவர் விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அவற்றைச் சொல்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருஷம் முன்னாலிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும், இறங்கும், அப்புறம் குறைந்தே போகும். சுரப்பித் திசு சுருங்கி அந்த இடத்தில் கொழுப்பு கூடும், தோலின் இழுவை குறையும். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று சரியாக இருக்காது. சிலருக்கு ஒரே மாதத்துக்குள்ளேயே கனத்து, நொந்து, திரும்ப வடியும். முப்பது வயதில் தாங்குதல் தேவைப்படாதவளுக்குக்கூட இந்த வயதில்தான் தேவைப்படலாம். இந்த வயதுக்கு மேல் எதற்கு என்று கேட்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதில் முதல் பிராவை அம்மா ஒரு துண்டுக்குள் சுற்றிக் கையில் கொடுத்தார். அளவெல்லாம் எடுக்கவில்லை, கண் மட்டம்தான். எப்படிப் போடுவது என்றும் சொல்லவில்லை, "கதவச் சாத்திட்டுப் போட்டுப் பாரு" என்றார். அவருக்கும் அவர் அம்மா அப்படித்தான் கொடுத்திருப்பார், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதற்கப்புறம் உடம்பு கூடும்போதெல்லாம் நம்பரைக் கூட்டிக்கொண்டே போனேன். 34 பிடிக்கிறதா, 36. அதுவும் பிடிக்கிறதா, 38. கப் என்று ஒரு எழுத்து இருப்பதே கண்ணில் பட்டதில்லை, எப்போதும் பிதான். நாற்பத்திரண்டு வயதில், வேறு எதையோ வாங்கப்போன ஒரு கடையில், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கவிட்டிருந்த ஒரு வயதான அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தோள் வலி எத்தனை வருஷமா இருக்கு கண்ணு?" என்றார். நான் வாயே திறக்கவில்லை, அவராகவே கேட்டார். டிரையல் ரூமுக்குக் கூட்டிப்போய் மார்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்து அளந்தார், 34. மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக அளந்தார், 38. வித்தியாசம் நான்கு இஞ்ச். ஒரு இஞ்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. "உன் சைஸ் 34 டி. நீ போட்டிருக்கிறது 38 பி. கப் ரெண்டுக்கும் ஒரே கொள்ளளவுதான், பட்டைதான் உனக்கு நாலு இஞ்ச் லூசு."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாங்குவது ஸ்ட்ராப் இல்லை, மார்புக்குக் கீழே சுற்றிவரும் அந்தப் பட்டை. கனத்தில் பெரும்பகுதி அதில்தான் உட்கார வேண்டும். பட்டை தளர்ந்தால் பின்பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் கீழே இறங்கும், மொத்தக் கனமும் தோளுக்குப் போகும். நாம் உடனே ஸ்ட்ராப்பை இழுத்துச் சுருக்குவோம், பட்டை இன்னும் மேலே ஏறும், தோளில் இன்னும் பள்ளம் விழும். புதிதாக வாங்கும்போது கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான ஹூக்கில், பட்டை சரியாக நிற்க வேண்டும், நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள்ளே மாற்றிக்கொள்ளத்தான் மற்ற ஹூக்குகள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போனால் போதும், கை முழுதும் போனால் அது தாங்கவில்லை. இதெல்லாம் எனக்கு நாற்பத்திரண்டு வயதில், முன்பின் தெரியாத ஒரு அம்மா சொல்லித் தெரிகிறது. முப்பது வருஷம் தப்பான அளவைப் போட்டுக்கொண்டு, தோள் வலிக்கு எத்தனை தைலம் தேய்த்திருப்பேன், எத்தனை தலையணை மாற்றியிருப்பேன்.

டி என்று சொன்னதும் எனக்கே கூச்சமாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த எழுத்தை ஏதோ கெட்ட வார்த்தை மாதிரிக் கேட்டுப் பழகியிருக்கிறோம். கப்புக்கு எழுத்து வைக்கும் பழக்கம் வந்ததே 1930களில்தான், அப்போது ஏயிலிருந்து டி வரை நான்கே எழுத்து. அதனால்தானோ என்னவோ டி என்றால் அதுதான் எல்லை, மிகப் பெரியது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அது வெறும் நான்கு இஞ்ச் வித்தியாசம். போன வாரம் திரும்ப அளந்தேன், கீழே 36, மேலே 41. இப்போது டியும் போதாது, டபுள் டி. சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, செருப்பு சைஸ் சொல்வதற்கு வெட்கப்படுகிறோமா?

இனி பதில் சொல்ல வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

போடாமலே இருந்துவிடலாமே, பிரா போடுவதால் மார்புக்கு நன்மை ஒன்றுமில்லை என்று பிரான்ஸில் ஒருவர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார் என்பீர்கள். 2013இல் அது பெரிய செய்தியானது, ழான் தெனி ரூயோன் என்பவர் செய்தது. அவர் ஆராய்ந்தது 18 முதல் 35 வயது வரையிலான பெண்களை. எல்லாப் பெண்களும் கழற்றிவிடுங்கள் என்று அவரே சொல்லவில்லை. போடாமல் சுகமாக இருப்பவர்கள் போடாமல் இருங்கள், அதில் யாருக்கும் வழக்கு இல்லை. எனக்குப் போடாவிட்டால் தோலும் தோலும் ஒட்டி வியர்த்துப் புண்ணாகிறது, மாடிப்படி இறங்கினால் வலிக்கிறது. வயர் வைத்தது போட்டால் புற்றுநோய் வரும் என்று எனக்கு இன்பாக்ஸில் அனுப்பியவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், அமெரிக்காவில் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதையே ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள், தொடர்பு எதுவும் தெரியவில்லை. எனக்கு வயர் வேண்டாம் என்பது குத்துகிறது என்பதால்தான். கட்டி, ஒரு பக்கம் மட்டும் மாற்றம் என்று ஏதாவது தென்பட்டால் பிராவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சும்மா ஒரு கேலிதானே, இதைப் போய் இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்பார்கள். இதுதான் என்னை ரொம்பச் சுடுகிறது. கேலியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்டில் லிசா லிண்டால் என்ற பெண், ஓடும்போது மார்பைத் தாங்க ஒன்றுமில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஆண்கள் விளையாடும்போது உள்ளே போடும் ஜாக்ஸ்ட்ராப்பை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வந்து சிரிப்புக் காட்டினார். லிசாவும் சிரித்தார்தான். ஆனால் லிசா அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், தையல் தெரிந்த பாலி ஸ்மித் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்பைச் சேர்த்துத் தைத்தார், ஹிண்டா மில்லர் கூடச் சேர்ந்தார், அதுதான் முதல் ஸ்போர்ட்ஸ் பிராவாக ஆனது. அங்கேயும் சிரிப்பு இருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க ஆள் இருந்தது. எங்கள் குழுவில் சிரித்ததோடு நின்றுவிட்டது. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட "என்னாச்சு, கை இன்னும் சரியாகலையா?" என்று கேட்கத் தோன்றவில்லை. கை முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் இதையெல்லாம் வெளியில் பேசலாமா என்ற கேள்வி. மூட்டு வலிக்கு எந்த பெல்ட் நல்லது என்று அதே குழுவில் நாள் முழுக்கப் பேசினோம், போட்டோவெல்லாம் போட்டார்கள். முட்டிக்குத் தாங்குதல் கேட்டால் அக்கறை, மார்புக்குக் கேட்டால் அசிங்கமா? இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன. பேசாமல் இருந்ததால்தான் என் அம்மா மார்புக்கு அடியில் புண்ணோடு வருஷக்கணக்கில் பவுடர் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். "எப்பவும் இருக்கிறதுதான்" என்றார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

எழுத எழுத இன்னொன்றும் தோன்றுகிறது. மேலே திரும்பத் திரும்ப வலி, வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மைதான், வலிக்காகத்தான் கேட்டேன். ஆனால் நான் ஏன் இவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டும்? அழகுக்காகவே கேட்டிருந்தால்தான் என்ன? நாற்பத்தொன்பது வயதில் என் ரவிக்கை எனக்குப் பிடித்த மாதிரி உட்கார வேண்டும், கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் அது யாருக்குக் குறைச்சல்? யாருக்குக் காட்டணும் என்று கேட்டீர்களே. எனக்கு. தினமும் காலையில் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பது நான்தான்.

நேற்று இரவு பதினொன்றரைக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. சிரித்த பதினொரு பேரில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன். "தப்பா எடுத்துக்காதக்கா. மார்புக்குக் கீழ அளக்கிறப்ப மூச்ச விட்டுட்டு அளக்கணுமா, இழுத்துட்டு அளக்கணுமா?" என்று கேட்டிருந்தார். கோபத்தில் பதில் போடாமல்தான் படுத்தேன். தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மூச்சை விட்டுவிட்டு அளம்மா, டேப் முதுகில் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள், ஒரு பக்கம் பெரிதாக இருந்தால் பெரிய பக்கத்துக்கு வாங்கு.

என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. முன்பக்க ஹூக், வயர் வேண்டாம், பட்டை அகலமாக, அடியில் பருத்தித் துணியாக, 36 டபுள் டி. போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இடது கை இன்னும் முதுகுப் பக்கம் போகவில்லை.